காட்பாடியில் வீட்டு விலை பத்து லட்சம் ஏறிவிட்டதாம், அட்வான்ஸ் போடலாமா?

கேள்வி: சார், சத்துவாச்சாரியில் 12,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை, கணவருக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை. காட்பாடி காந்தி நகரில் அரை கிரவுண்டில் ஒரு பழைய தனி வீடு, 62 லட்சம் சொல்கிறார்கள். "போன வருஷம் இந்த ஏரியாவுல சராசரி 48 லட்சம், இந்த வருஷம் 58. தை பிறந்ததும் பதிவு ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. இந்த மாசமே அட்வான்ஸ் குடுத்துடுங்க" என்கிறார் புரோக்கர். கணவரும் அவசரப்படுகிறார். இந்தக் கணக்கை நம்பலாமா?

பதில்: இந்த மாதம் கொடுக்காதீர்கள் அம்மா. வீடு நல்ல வீடாகவே இருக்கலாம். ஆனால் புரோக்கர் சொன்ன இரண்டு எண்ணை வைத்து அந்த வீடு 62 லட்சம் பெறுமா பெறாதா என்று சொல்லவே முடியாது.

அந்தச் சராசரியை முதலில் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, போன வருஷம் அந்தப் பக்கம் ஐந்து வீடு கைமாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 40, 42, 45, 45, 68 லட்சம். கூட்டினால் 240, சராசரி 48. இந்த வருஷமும் ஐந்து வீடு: அதே 40, 42, 45, 45, அப்புறம் மெயின் ரோட்டில் இரண்டு கிரவுண்டு பங்களா ஒன்று 118 லட்சம். கூட்டினால் 290, சராசரி 58. நான்கு வீட்டின் விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, சராசரி மட்டும் பத்து லட்சம் ஏறிவிட்டது! விலைகளை வரிசையாக எழுதி நடுவில் நிற்கும் வீட்டைப் பாருங்கள், இரண்டு வருஷமும் 45தான். விற்பனை குறைவாக நடக்கும் ஊரில் யார் சராசரி சொன்னாலும், எத்தனை வீடு, நடு விலை என்ன என்று கேட்டுவிடுங்கள். 'இந்த ஏரியா' எதுவரை என்றும் கேளுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தை நோயாளிகள் தங்கும் லாட்ஜாக்கலாம் என்று வாங்குகிறவர் கொடுக்கும் விலையும், வி.ஐ.டி. பல்கலைக்கழகப் பக்கம் மாணவர் விடுதிக்காக வாங்குகிறவர் கொடுக்கும் விலையும் நீங்கள் குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு அளவாகாது.

தை மாதம் பதிவு கூடியது உண்மையாகவே இருக்கும். மார்கழியில் நம் பக்கம் யார் பத்திரம் பதிகிறார்கள்? தேங்கியதெல்லாம் தையில் வருகிறது, முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. ஆடி முடிந்து ஆவணியிலும் இதே கதைதான். தையைப் போன தையோடுதான் ஒப்பிட வேண்டும். அதோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் எல்லாமே வீட்டு விற்பனை கிடையாது. அப்பா மகனுக்கு எழுதும் செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், அடமானம் எல்லாம் அந்த எண்ணிக்கையில் சேரும், லோன் போட்டு ஒரு வீடு வாங்கினால் கிரயம், அதாவது விற்பனைப் பத்திரம் ஒன்று, வங்கிக்கு எழுதிக் கொடுப்பது ஒன்று என்று இரண்டு ஆவணம் ஆகும். யாராவது பழைய வேலூர் மாவட்டக் கணக்கை இப்போதைய கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினால் அதையும் ஒதுக்கிவிடுங்கள், 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் பிரிந்துவிட்டன.

பத்திரத்தில் எழுதும் விலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். நம் ஊரில் நிறையப் பேர் கொடுத்த பணத்தை அப்படியே எழுதுவதில்லை, அரசின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு ஒவ்வொரு தெருவுக்கும் நிர்ணயிக்கும் விலையை, ஒட்டித்தான் எழுதுகிறார்கள். அந்த மதிப்பை 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டு வந்தார்கள். 67 ரூபாய் 100 ரூபாய் ஆனால் ஏறத்தாழ 50 சதவீத ஏற்றம். சந்தையில் எதுவுமே நடக்காமல் பத்திர விலை மட்டும் ஒரே நாளில் அப்படி எகிறலாம். 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். இந்தத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் உள்ள பத்திரங்களை ஒப்பிட்டு 'ஏரியா ஏறிடுச்சு' என்றால் அது அரசின் அட்டவணை ஏறிய கதை. ரிசர்வ் வங்கி வெளியிடும் வீட்டு விலைக் குறியீட்டில் சென்னை இருக்கிறது, வேலூர் இல்லை. அதனால் நம் ஊர்க் கணக்கை நாமேதான் போட வேண்டும்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, இலவசமாகப் பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் சர்வே எண் வாங்கி, அதே தெரு, பக்கத்துத் தெரு மனைகளின் உட்பிரிவு எண்களையும் போட்டுப் பாருங்கள். கிரயப் பத்திரங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் விஸ்தீரணம், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இருக்கும். 'சந்தை மதிப்பு' என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், பெரும்பாலும் அது வழிகாட்டி மதிப்புக் கணக்கு. கைமாற்றுத் தொகை அதைவிட நன்றாக மேலே இருக்கும் பத்திரங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை, அவை அநேகமாக வங்கிக் கடனில், முழு விலை எழுதி வாங்கியவை. அப்படி நாலைந்து கிடைத்தாலே போதும், சதுர அடிக்கு என்ன வருகிறது என்று வகுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் 62 லட்சத்தைப் பேசுங்கள். அபார்ட்மென்ட் பத்திரங்களைச் சேர்க்காதீர்கள், பழையவற்றில் பிரிபடாத பாகத்துக்கு, அதாவது மனையில் அந்த வீட்டுக்குச் சேரும் பங்குக்கு மட்டும்தான் விலை எழுதியிருப்பார்கள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 62 லட்சமும் வெள்ளையில் எழுதினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 5.58 லட்சம். பெண்கள் பெயரில் வாங்கினால் கிடைக்கும் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான், உங்களுக்கு வராது. வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் கொடுத்தாலும் 49.6 லட்சம். மீதியும் பதிவுச் செலவும் சேர்த்து 18 லட்சம் கையில் வேண்டும். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் ஈ.எம்.ஐ. ஏறத்தாழ 43,000. இப்போது கொடுக்கும் வாடகை 12,000. இந்த இடைவெளியை இரண்டு சம்பளமும் தாங்குமா என்பதுதான் கணவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் வருமான வரியாக (டி.டி.எஸ்.) பிடித்துக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு.

புரோக்கர் மறுபடி போன் செய்தால், முப்பது வருஷ வில்லங்கமும் மூலப்பத்திரத்தின் நகலும் வக்கீல் கையில் வந்து அவர் சரி என்ற பிறகு, கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பத் தரப்படும் என்று எழுதிய ஒப்பந்தத்தோடு, செக்கில் மட்டும் பணம் தருவோம் என்று சொல்லுங்கள்.