கிறிஸ்துமஸ் வைனும் குடியை விட்ட கொழுந்தனும்

பாறசாலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "கொழுந்தன் குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில்தான் தங்குவார். வருஷா வருஷம் பரணி ஜாடியில் முந்திரி (திராட்சை) வைன் போடுவேன், ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ், அவ்வளவுதான். அவருக்காக நாங்கள் நிறுத்த வேண்டுமா? இன்றைக்கு வைன் இடறல் என்பார்கள் சபையில், நாளைக்குக் கம்மலும் இடறல் என்று கழற்றச் சொல்வார்களே?"

இந்த வருஷம் போடாதீர்கள் சகோதரி. ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் பரணியை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. கொரிந்து சபையில் விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிட்டவர்களுக்கும் விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற அறிவு இருக்கிறது என்று அப்போஸ்தலன் பவுல் ஒத்துக்கொள்கிறார், ஆனால் அதனால் ஒரு சகோதரன் கெட்டுப்போவான் என்றால் நான் இனி இறைச்சியே தொடமாட்டேன் என்கிறார். ரோமர் 14:21இல் மதுவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார். பரணி மூடியைத் திறந்ததும் அடுக்களை முழுக்க ஒரு புளித்த வாசம் வருமே, அது ஒன்றே போதும் அவர் கால் பழைய கள்ளு ஷாப்புப் பக்கம் திரும்ப.

கம்மல் விஷயம் வேறு, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இடறல் என்றால் கால் கல்லில் தட்டி ஆள் விழுவது. உங்களைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தால் அது இடறல் இல்லை, அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். யூதர்களை முன்னிட்டு தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் (சுன்னத்து) செய்துவைத்த அதே பவுல், இன்னொரு உடன் ஊழியனான தீத்துவுக்கும் செய்தே ஆக வேண்டும் என்று சிலர் கட்டாயப்படுத்தியபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. நாமாக விட்டுக்கொடுப்பதை இன்னொருவர் பிடுங்க முடியாது. இதே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக, நம் பாட்டிமார் அடிபட்டார்கள், 1859இல் அரசு உத்தரவு வரும்வரை விடவில்லை. மேல்சாதிக்காரருக்கு இடறலாக இருக்கிறது, கழற்றிவிடு என்று அவர்களிடம் சபை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் நம் சபைக் கமிட்டிகளில் இடறல் என்றாலே ஏதோ ஒரு பெண்ணின் உடுப்பைப் பற்றித்தான் மணிக்கணக்காகப் பேச்சு. குடியிலிருந்து எழுந்து வந்தவன் உட்கார்ந்திருக்கும் கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் பாட்டில் திறக்கிறார்களே, அதைக் கேட்க ஒருவர் இல்லை. எத்தனை வருஷம் சொல்லியாயிற்று!

அப்புறம், ஜாக்கிரதை. குடியை விரட்டும் விடுதலை ஜெபம் என்று எண்ணெய்க் குப்பியும் ரசீதுப் புத்தகமுமாக ஆட்கள் வருவார்கள். இல்லையென்றால் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்து வீடியோ எடுத்துப் போடுவார்கள். எட்டே மாதத்தில் மேடை வேண்டவே வேண்டாம். ஆசை மறுபடி தலைதூக்கினால் கேரள கலால் துறையின் விமுக்தி என்ற குடிமறப்பு மையங்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன, நேராகப் போங்கள், நடுவில் ஆள் எதற்கு?

உனக்காகத்தான் நிறுத்தினோம் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடாதீர்கள், மனுஷன் கூனிக்குறுகிப் போவார். நன்னாரி சர்பத் வையுங்கள். பிளம் கேக் வாங்கும்போது உலர்பழத்தை ரம்மில் ஊறவைத்தார்களா என்று பேக்கரியில் கேட்டுவிடுங்கள், ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தும் செய்யலாம்.