கறுப்புத் திரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லடி வாசகர்: லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவைப் புதுப்பித்தபின் கறுப்புத் திரைதான். என்விடியா கிராபிக்ஸ் அட்டை (திரைக்குப் படம் அனுப்பும் பாகம்). அழித்துவிட்டு மீண்டும் நிறுவவா?

பதில்: நிறுவாதீர்கள் தம்பி! உங்கள் கோப்புகள் எல்லாம் பத்திரமாக உள்ளேதான் இருக்கின்றன. புதிய கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏற்ற ட்ரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) அமையாமல் போயிருக்கும். கணினி எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். க்ரப் எனும் தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தெரிவுசெய்யுங்கள். அதில் திரை வந்துவிட்டால் காரணம் உறுதி. வராவிட்டால் அதே பட்டியலில் 'இ' (e) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) சேர்த்து, கண்ட்ரோலையும் எக்ஸையும் அழுத்துங்கள். இது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. உள்ளே போனதும் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே ட்ரைவரைப் போடுங்கள். என்விடியா தளத்தில் இறக்கிய கோப்பைப் போட்டவர்கள்தான் ஒவ்வொரு கெர்னல் மாற்றத்திலும் அகப்படுகிறார்கள்.

காத்தான்குடி வாசகி: கடவுச்சொல் சரி. திரை ஒருமுறை மின்னி, மறுபடியும் கடவுச்சொல்லைக் கேட்கிறது.

பதில்: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், எழுத்துத் திரை வரும். அதில் நுழைந்து, 'டிஎஃப் -எச்' (df -h) கொடுத்து வட்டில் இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். இடமிருந்தால், வீட்டுக் கோப்புறையில் '.எக்ஸ்அதாரிட்டி' (.Xauthority) கோப்பின் உரிமையாளர் யாரென்று பாருங்கள். ரூட் (நிர்வாகிக் கணக்கு) என்றிருந்தால் அதை நீக்குங்கள். அடுத்த நுழைவில் தானாக உருவாகும்.

கல்முனை வாசகர்: புதிய கிராபிக்ஸ் அட்டை போட்டேன், 'நோ சிக்னல்' என்கிறது.

பதில்: கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி அட்டையில் செருகுங்கள்.

களுவாஞ்சிகுடி வாசகர்: கல்லடித் தம்பிக்கு ஏன் இவ்வளவு சுற்று? கையொப்பமில்லாத ட்ரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தால் முடிந்தது.

பதில்: அந்த ஆலோசனையை நான் ஏற்கவில்லை. விண்டோஸில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டும் வசதி) போட்டவர் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்கக்கூடும். எத்தனை பேர் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்? அணைக்காமலே ட்ரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும். 'என்ரோல் எம்ஓகே' (ட்ரைவரின் சாவியைப் பதிவுசெய்வது) தெரிவுசெய்து அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும்.

களுவாஞ்சிகுடி வாசகர்: நீலத் திரையைக் கண்டால் எல்லோரும் பயந்து 'கன்டினியூ' அழுத்துகிறார்கள். அதற்கு செக்யூர் பூட்டை அணைப்பதுதான் வழி.

பதில்: பயத்தைப் போக்க வேண்டுமே தவிர பூட்டைக் கழற்றக் கூடாது. அழுத்திவிட்டவர்கள் 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' (sudo update-secureboot-policy --enroll-key) கொடுத்து மறுதொடக்கம் செய்தால் அந்தத் திரை மீண்டும் வரும். கணினி விண்டோஸ் இல்லாத வெறும் லினக்ஸ் என்றால், அணைப்பது உங்கள் விருப்பம். அதற்குமேல் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏறாவூர் வாசகர்: புதுப்பித்தேன், கறுப்புத் திரை. மீண்டும் நிறுவலாமா?

பதில்: கல்லடி வாசகருக்குச் சொன்னதை முழுதாக வாசியுங்கள். நிறுவாதீர்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: எனக்கும் அதே கறுப்புத் திரை.

பதில்: மேலே பாருங்கள்.

வாழைச்சேனை வாசகர்: இடி விழுந்தபின் மானிட்டரில் விளக்கே எரியவில்லை, தீய்ந்த மணம்.

பதில்: இது மென்பொருள் கோளாறு இல்லை. பிளக்கைக் கழற்றி, திருத்துபவரிடம் கொடுங்கள், நீங்களே திறக்காதீர்கள்.