நஷ்டம் யார் தலையில்? சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம்: கேள்வி பதில்

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: பேருந்து ஓட்டுவது தனியார் நிறுவனங்கள். அப்புறம் ஆணையத் தலைவருக்கு என்ன வேலை ஐயா?

நல்ல கேள்வி. 2016க்கு முன்பு நிறுவனமே பேருந்து வாங்கும், டிக்கெட் காசும் அதற்கே, நஷ்டமும் அதற்கே. ஆள் ஏறாத வட்டாரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட யாருக்கு மனசு வரும்? 2016 செப்டம்பர் 1 முதல் பேருந்து, பணிமனை, டிக்கெட் வசூல் எல்லாம் அரசின் பக்கம் வந்துவிட்டன. நிறுவனம் ஓட்டுவதற்குக் கூலி வாங்குகிறது. ஏலத்தில் போன முதல் வழித்தடத் தொகுப்பின் பெயர் பூலிம். எடுத்தது டவர் டிரான்சிட் என்ற பேருந்து நிறுவனம். இப்போது தடத்தையும் இடைவெளியையும் ஆணையம் சொல்கிறது. சேவை ஒழுங்காக இருந்தால் ஊக்கத்தொகை, இல்லாவிட்டால் பிடித்தம். அதே ஆண்டு எஸ்எம்ஆர்டி என்ற ரயில் நிறுவனத்தின் ரயில்களையும் சிக்னல்களையும் சுமார் 106 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) அரசு வாங்கியது. நஷ்டத்தை யார் தலையில் வைப்பது என்று முடிவெடுப்பதுதான் அந்த நாற்காலியின் முக்கால்வாசி வேலை.

ஈசூன் வாசகர்: கட்டணம் ஏன் ஏறுகிறது?

அதை முடிவு செய்வது பொதுப் போக்குவரத்து மன்றம். அங்கே கேளுங்கள்.

பிடோக் வாசகி: சிம்ப்ளிகோ என்ற புதிய பயண அட்டை முறை விவகாரத்தில் ஏன் பின்வாங்கினார்கள் அண்ணே?

பழைய அட்டையில் இருப்புத்தொகை அட்டைக்குள்ளேயே இருக்கும். தட்டினால் திரையில் தெரியும். சிம்ப்ளிகோவில் கணக்கு பின்னணிக் கணினியில் இருக்கிறது, வாயிலில் அப்போது தெரியவில்லை. பழைய முறையை நிறுத்தப்போவதாக 2024 ஜனவரி 9இல் அறிவித்தார்கள், 22இல் கைவிட்டார்கள். பழையதை நீட்டிக்க 4 கோடி வெள்ளி. பொறியாளருக்கு இருப்புத்தொகை வெறும் தரவு. மாதக் கடைசியில் அட்டையைத் தட்டிவிட்டு அந்த எண்ணைப் பார்ப்பவருக்கு அது பட்ஜெட்.

உட்லண்ட்ஸ் வாசகர்: ஒரு காருக்கு வாங்கும் சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) காசில்தான் எம்ஆர்டி ரயில் ஓடுகிறது. ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. சிஓஇ வசூல் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. ரயிலுக்கென்று தனிப் பெட்டி கிடையாது.

அதே வாசகர்: எல்லாம் ஒரே கருவூலம் என்றால், கார்க்காரன் காசுதானே!

சரி, உங்கள் வாதப்படியே போவோம். பொதுப் போக்குவரத்துக்கு அரசு ஆண்டுக்கு 200 கோடி வெள்ளிக்கு மேல் மானியம் தருகிறது. அதில் ஜிஎஸ்டி கட்டும் ஈசூன்காரர் காசும் இருக்கிறது. 1990இல் சிஓஇ வந்தது சாலையில் கார் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த. 2018 முதல் கார் வளர்ச்சி விகிதமே பூஜ்யம். வருமானத்துக்காக என்றால் இன்னும் நிறைய விற்றிருப்பார்களே?

தோ பாயோ வாசகர்: உட்லண்ட்ஸ்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஏலம் விலையை ஏற்றுகிறது, வலிக்கிறது, சரி. வலிக்கிறது என்பதற்காகக் கணக்கு மாறாது. இதற்கு மேல் சிஓஇ கேள்வி வேண்டாம்.

சென்னை வாசகர்: எங்களுக்கும் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறதே சார்?

இருக்கிறது. சட்டம் 2010இல், முதல் கூட்டம் 2022 நவம்பரில். ஆனால் பேருந்து ஓட்டும் எம்டிசி மாநில அரசு நிறுவனம், புறநகர் ரயில் தெற்கு ரயில்வே, மெட்ரோ மத்திய மாநிலக் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கஜானா. எந்த நகரமாக இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: வரைபடத்தைப் பார்க்காதீர்கள், பணப்பை யாரிடம் என்று பாருங்கள்.

செங்காங் வாசகி: கட்டணம் எப்போது குறையும்?

ஈசூன்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள் அம்மா.