"தாராளமா தாங்கும்" என்று கடைக்காரர் எழுதிய ஒரு வரி

கேள்வி: ஐயா, பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். போன வருடம் காரைக்குடியில் ஒரு கடையில் பெரிய கம்பெனி டெஸ்க்டாப் ஒன்றை 58,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. எட்டு மாதம் கழித்து அதே கடையில் 27,000 ரூபாய் கொடுத்து ஆர்.டி.எக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கடைப் பையன் வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டுப் போனான். பதினோராம் நாள் கருகல் வாடை. மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டி, மதர்போர்டு இரண்டும் போய்விட்டன. கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்து, 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரரோ, கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, எரிந்தது கம்பெனி சாமான், அவர்களைக் கேள் என்கிறார். அவர் எங்களுக்குக் கோயில் பங்காளி, ஒரே கோயிலைச் சேர்ந்த உறவு. எங்கள் ஐயா காலத்துப் பழக்கம். அப்படியிருந்தும் ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) வீட்டில் பத்துப் பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தினார். சீல் ஒட்டி வாரண்டியை மறுப்பதே சட்ட விரோதம் என்று யூடியூபில் பார்த்தேன். கம்பெனி, கடை இரண்டின் மேலும் மோசடி வழக்குப் போட்டு 5 லட்சம் நஷ்ட ஈடு கேட்கலாமா? நானே ஒரு நோட்டீஸ் எழுதி இணைத்திருக்கிறேன்.

பதில்: கடிதம் நான்கு பக்கம். அதில் இரண்டு பக்கம் கல்யாண வீட்டில் நடந்தது. உங்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கிறது என்று புரிகிறது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் அந்த இரண்டு பக்கத்துக்கு மதிப்பு இல்லை. பங்காளி என்பதற்கும் இல்லை, ஐயா காலத்துப் பழக்கத்துக்கும் இல்லை. அவற்றை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். கார்டு வாங்குவதற்கு முன் சிபியு மூடியைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். கூடவே, 'அண்ணே, வீடியோ எடிட்டிங்குக்கு இந்த சிஸ்டத்துல எந்தக் கார்டு போடலாம்?' என்று கேட்டீர்கள். அவர், '3060 போடு தம்பி, தாராளமா தாங்கும்' என்று பதில் போட்டார். லேபிளில் 300 வாட் என்று இருக்கிறது.

உங்கள் வழக்கு இந்த மூன்று வரிதான். வேறு எதுவும் இல்லை.

காரணம் சொல்கிறேன். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. எதற்காக வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் சொல்லி, அவருடைய தொழில் அறிவை நம்பி ஒரு பொருளை வாங்கினால், அந்தப் பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அது எழுதப்பட்ட மாதிரிதான். நீங்கள் வேலையைச் சொன்னீர்கள், மெஷினைக் காட்டினீர்கள், அவர் தாங்கும் என்றார், நம்பி வாங்கினீர்கள். அதற்குமேல் அவர் ஆளே வந்து மாட்டியதால் சேவைக் குறைபாடும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நோட்டீஸ் இதை முதல் பத்தியிலேயே கெடுக்கிறது. 'நான் மேற்படி கடையை அணுகி ஆர்.டி.எக்ஸ் 3060 கார்டு வேண்டும் என்று கேட்டேன்' என்று தொடங்கியிருக்கிறீர்கள். அதே பிரிவு 16-இல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வாங்குபவர் பொருளை அதன் வணிகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தப் பொறுப்பு விற்பவருக்கு இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு வாக்கியத்தை அடிக்கோடு போட்டுக் காட்டுவார்: 'பெயர் சொல்லிக் கேட்டார், கொடுத்தோம்.' அதற்கும் பதில் வாதம் உண்டு. ஆனால் இல்லாத ஓட்டையை நாமே போட்டுவிட்டு அடைப்பானேன்? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எது சரியாக வரும் என்றுதான் கேட்டீர்கள், 3060 என்ற பெயர் அவர் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. நோட்டீஸ் இன்னும் போகவில்லையே? போகவில்லை என்றால் நல்லது. கிழித்துப் போடுங்கள்.

அடுத்து கம்பெனி. அதை விட்டுவிடுங்கள். கணக்கைப் பாருங்கள். 3060 கார்டுக்கு 170 வாட் வேண்டும். உங்கள் ஐ5 12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்தாலே 287. போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் இதற்கு மேல். இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. கம்பெனி கொடுத்தது 300 வாட், அவர்கள் விற்ற மெஷினுக்கு அது போதும். பிறர் மாட்டிய பாகத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று எல்லாக் கம்பெனி வாரண்டியிலும் ஒரு வரி இருக்கும், இந்த இடத்தில் அந்த வரி நிற்கும். மூடியைத் திறந்ததற்காகவே ஹார்ட் டிஸ்க் வாரண்டியை மறுத்தார்கள் என்றால் நானே சண்டைக்கு நிற்பேன். இது அது இல்லை.

பொருள் பொறுப்பு என்று ஒரு பிரிவையும் நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் அந்த அத்தியாயம், பொருள் பழுதாகி ஆளுக்கோ வேறு சொத்துக்கோ கேடு வந்தால்தான் உதவும். பொருளே கெட்டுப்போனால் உதவாது. அதோடு பிரிவு 87, மாற்றம் செய்யப்பட்ட பொருளுக்காக விற்பவர் மேல் அந்த வழக்கே போட முடியாது என்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள்.

யூடியூபில் நீங்கள் பார்த்தது அமெரிக்கச் சட்டம், 1975-இல் வந்தது. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அது செல்லாது. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது, ஒரு இணையதளமும் தொடங்கியது. தளம் சட்டம் ஆகாது. மோசடி வழக்குக்குத் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். இங்கே இருந்தது அலட்சியம். ஸ்டேஷனுக்குப் போனால் சி.எஸ்.ஆர் (புகார் வந்ததற்கான பதிவு) போடுவார்கள், இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள், கடைசியில் 'இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள். அந்தத் தாள் பிறகு உங்களுக்கு எதிராகவே வரும்.

சரி, இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

கடிதத்தின் கடைசியில், 'வேலை நிற்கிறது, அதனால் நாளை மறுநாள் மதுரைக்கு எடுத்துப் போய் வேறு எஸ்.எம்.பி.எஸ், போர்டு மாற்றலாம் என்று இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். தேவகோட்டையிலிருந்து ஒருவர் இதே மாதிரி ஒரு வழக்கோடு என்னிடம் வந்தார். பில் இருந்தது, மெசேஜ் இருந்தது, எல்லாம் இருந்தது. எரிந்த எஸ்.எம்.பி.எஸ் எங்கே என்று கேட்டேன். 'புதுசு வாங்கும்போது பழசுக்கு 300 ரூபாய் கழித்துக்கொண்டார்கள் சார்' என்றார். நுகர்வோர் சட்டம் பிரிவு 38-இன்படி, சோதித்துப் பார்க்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாத பொருளை ஆணையம் ஆய்வுக்கு அனுப்பும். கட்டணத்தை நாம் கட்ட வேண்டும். அவர் கட்டத் தயாராகத்தான் இருந்தார். அனுப்பத்தான் பொருள் இல்லை. எதிர்த்தரப்பு 'உங்கள் வீட்டில் வோல்டேஜ் ஏறியிருக்கும், யுபிஎஸ் சரியில்லை' என்று ஒரே ஒரு வரி சொன்னது. மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. புகார் தள்ளுபடி. 300 ரூபாய்க்காக 40,000 ரூபாய் வழக்கு போனது. அந்த மனிதர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோக்களில் ஆறாவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார்டுக்கு எட்டு பின் பவர் வேண்டும். கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்ஸில் அந்த ஒயர் கிடையாது. அதனால் கடைப் பையன் டிஸ்க்குக்குப் போகிற சாட்டா பவர் ஒயரில் ஒரு கன்வெர்ட்டர் கேபிளைச் சொருகியிருக்கிறார். அந்தக் கனெக்டரின் கறுப்புப் பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் உருகி வழிந்து, மஞ்சள் ஒயரின் தோல் பழுப்பேறி வெடித்திருக்கிறது. 12 வோல்ட் போவது அந்த மஞ்சள் ஒயரில்தான். ஒரு சாட்டா கனெக்டர் அதில் 54 வாட் வரைதான் தாங்கும். போர்டில் இருக்கும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். 170-இல் 75 போக மிச்சம் 95 வாட்டும் அந்தக் கேபிள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வோல்டேஜ் ஏறி எரிந்திருந்தால் அந்தக் கனெக்டர் மட்டும் தனியாக உருகியிருக்காது. கடைக்காரரின் அலட்சியத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேட வேண்டியதில்லை. அது இப்போது உங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில், மேசைக்கு அடியில் கிடக்கிறது.

ஆகவே கேபிளைப் பிடுங்காதீர்கள். சொருகியிருக்கிற நிலையிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், எஸ்.எம்.பி.எஸ்ஸின் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒன்று. சிபியுவை அப்படியே அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, தேதி போட்டு, வீட்டார் அல்லாத இருவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர், 'கொண்டா தம்பி, செக் பண்ணிச் சொல்றேன்' என்பார். நல்லெண்ணத்தோடேகூடச் சொல்லலாம். கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டுமானால் உங்கள் வீட்டில், உங்கள் முன்னால் பார்க்கட்டும். வழக்கு என்று வந்தால், காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியின் மின் துறை ஆசிரியர் ஒருவரிடம் ஆய்வுக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்போம். வேலைக்கு ஒரு மாதம் வாடகை சிஸ்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினியரின் அறிக்கையில் போட்ட கையெழுத்தும் ஆபத்துதான். இன்றைக்கே கம்பெனிக்கும் கடைக்கும் ஒரு மெயில் போடுங்கள்: வந்து போனதற்காக மட்டுமே கையெழுத்திட்டேன், கார்டைப் பரிந்துரைத்து மாட்டியது கடையின் ஆள், நான் அல்ல. இரண்டு வரி போதும். வாட்ஸ்அப் இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், பிரிவு 63-இன் கீழ்ச் சான்று கொடுக்க வேண்டும். ஸ்கிரீன் ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல்.

கார்டுக்கு பில் இல்லை, 'எஸ்டிமேட்' சீட்டுதான் இருக்கிறது என்கிறீர்கள். 18 சதவீத வரியை மிச்சப்படுத்த இருவரும் சேர்ந்து செய்தது. நல்லவேளை 15,000 ரூபாய் ஜிபேயில் போயிருக்கிறது, வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறது, விற்றதை அவரால் மறுக்க முடியாது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போன காலத்திலேயே பங்காளிக்குள்ளும் பற்று வரவு எழுதி ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்த ஊர் இது. கடைக்காரர் சொந்தம் என்பது பில் வாங்காமல் இருக்கக் காரணம் ஆகாது.

இனி 5 லட்சம். நின்றுபோன ஆல்பம் எட்டு, வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பையன்கள் இரண்டு பேர் என்று நோட்டீஸில் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். நுகர்வோர் சட்டம் பிரிவு 2(7) வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் இல்லை என்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. உங்கள் சொந்த உழைப்பில் நடக்கும் பிழைப்பு என்ற வரைக்கும்தான் நீங்கள் உள்ளே. இரண்டு ஆள் வைத்து எட்டு ஆர்டர் எடுத்த ஸ்டுடியோ என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நஷ்டத்தைப் பெருக்கிக் காட்டப் போய், நுகர்வோர் என்ற தகுதியை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியது பழுதுச் செலவு, கார்டின் விலை, நியாயமான ஒரு தொகை, அவ்வளவுதான்.

இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன். சமாதானமாகப் போங்கள். பழுதுக்கு நீங்கள் வாங்கிய கொட்டேஷன் 19,000. சட்டம் மூன்று மாதம், சோதனை இருந்தால் ஐந்து மாதம் என்கிறது, நடப்பில் வருடக் கணக்கு ஆகும். ஜெயித்தாலும் அவர் பாதித் தொகையைக் கட்டி மேல்முறையீடு போகலாம். பள்ளத்தூரிலிருந்து சிவகங்கைக்கு எத்தனை வாய்தாவுக்குப் போவீர்கள்? முகூர்த்த நாளில் வாய்தா விழுந்தால்?

நான் எழுதித் தரும் நோட்டீஸை அனுப்புங்கள், போர்டு, எஸ்.எம்.பி.எஸ், கார்டு மூன்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அவர் கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 27,000 கொடுத்து, பழுதுக்கு 15,000 கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாலாயிரத்துக்காக இழுக்காதீர்கள். இரு வீட்டுக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேசினால் ஒரு மாலையில் முடியும் என்றே நினைக்கிறேன். கல்யாண வீட்டுப் பேச்சையும் அங்கேயே அவர் கேட்டுக்கொள்வார். 'அடுத்த பர்ச்சேஸில் கழித்துக்கொள்ளலாம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் வங்கி வழியாக வரட்டும், என்ன பொருளுக்கு எவ்வளவு என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் கணக்கில் ஏறும் வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.

நோட்டீஸ் போய்ப் பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் சிவகங்கையில் போட்டுவிடலாம். எரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. வரும்போது போனையும், ஒட்டிய பெட்டியையும் கொண்டு வாருங்கள்.