அடிமைகளாக இருந்தவர்கள் எழுதிய தன்வரலாறுகளில் வெள்ளையர் முன்னுரை எதற்கு? அதைத் தாண்டிப் படித்தால் ஏதாவது விட்டுப்போகுமா?

விட்டுப்போகும். நீங்கள் எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவராக இருக்கலாம். அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பி வந்த டக்ளஸின் புத்தகத்தைத் திறந்ததும் பக்கம் பக்கமாக வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து இதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அந்த எரிச்சல் வந்தது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அப்பா. அதை அப்புறம் சொல்கிறேன்.

பிரெடரிக் டக்ளஸின் முதல் தன்வரலாறு 1845இல் பாஸ்டனில் வெளிவந்தது. தலைப்பிலேயே 'அவரே எழுதியது' என்று போட்டிருக்கும். அப்படியும் வில்லியம் லாயிட் கேரிசனின் முன்னுரையும் வெண்டல் பிலிப்ஸின் கடிதமும் முடிந்த பிறகுதான் டக்ளஸ் பேச ஆரம்பிக்கிறார். இரண்டு பேரும் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முக்கியமான வெள்ளையர்கள். 1841இல் நான்டக்கெட் தீவில் நடந்த கூட்டத்தில் இவர் பேச்சைக் கேட்டேன், இது முழுக்க இவர் நடை, இதில் மிகை இல்லை என்று கேரிசன் உறுதி சொல்கிறார். அன்றைக்குத் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கு எதிராக ஒரு கறுப்பர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. கோர்ட்டில் செல்லாத சொல் அச்சில் மட்டும் எப்படிச் செல்லும்? அதனால்தான் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் ஜாமீன் நிற்க வேண்டியிருந்தது.

நம்பாதவர்கள் உண்மையிலேயே கிளம்பி வந்தார்கள். டெலவேரிலிருந்து ஏ.சி.சி. தாம்சன் என்பவர், 'இந்த ஆளை எனக்குத் தெரியும், படிக்காத சாதாரண அடிமை, இவரால் இதை எழுதியிருக்க முடியாது' என்று பத்திரிகையில் எழுதினார். டக்ளஸ் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். நான் அடிமையாக இருந்தேன் என்பதற்கு அடிமை முறையின் பக்கத்திலிருந்தே சாட்சி கிடைத்துவிட்டதே! டப்ளினில் வந்த பதிப்பில் அந்தக் கடிதத்தையும் தன் பதிலையும் சேர்த்தே அச்சிட்டார். தான் எழுதிய முன்னுரையையும் முன்னால் வைத்தார்.

மேரி பிரின்ஸ் கதை இதைவிடக் கொடுமை. பெர்முடாவில் அடிமையாகப் பிறந்தவர் அவர். அவர் சொல்லச் சொல்ல எழுதிய நூல் 1831இல் லண்டனில் வந்தது. பதிப்பித்த தாமஸ் பிரிங்கிளின் முன்னுரை போதவில்லை. முதுகில் தழும்புகள் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். பிரிங்கிளின் மனைவி அவர் உடம்பைப் பார்த்து, ஆமாம், முதுகு முழுக்க இருக்கின்றன என்று எழுதிக்கொடுத்த கடிதத்தை மூன்றாம் பதிப்பில் சேர்த்தார்கள். நான் இதை முதலில் படித்த அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

இப்போது அப்பா. அவர் சிறுவயதில் செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருந்தவர். தாத்தா வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பமே சூளைக்குப் போனது. அமெரிக்க அடிமை முறையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே மனிதரைச் சந்தையில் விற்றார்கள், பிள்ளைகளும் பிறப்பாலேயே அடிமை, சட்டமே அதற்குக் காவல் நின்றது. இங்கே 1976 சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்துவிட்டது, அப்பாவுக்கு விடுதலைச் சான்றிதழும் கிடைத்தது. வித்தியாசம் எனக்குத் தெரியும், அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வயதான பிறகு அப்பா ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுத ஆரம்பித்தார். நடுராத்திரியில் எழுந்து மண் மிதித்தது, விடிவதற்குள் கல் அறுத்து வரிசை போட்டது, மழை வந்தால் அறுத்த கல்லெல்லாம் கரைந்து அந்தக் கூலியும் போனது, எல்லாம் இருந்தது. நடுவில் சில பக்கங்கள் வெறும் கணக்கு. ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு கூலி, மேஸ்திரி கழித்தது எவ்வளவு, செலவுக்கு வாரம் கையில் கொடுத்தது எவ்வளவு, சீசன் முடிந்த பிறகும் முன்பணம் ஏன் குறையவே இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார். என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்தின் உயிரே அந்தப் பக்கங்கள்தான்.

பதிப்பாளர் இரண்டு விஷயம் சொன்னார். ஒரு பேராசிரியரிடம் அணிந்துரை வாங்க வேண்டும், கணக்குப் பக்கங்களை எடுத்துவிட வேண்டும். "உங்க அப்பா நடந்ததை மட்டும் சொன்னா போதும்ங்க. அதுக்கு என்ன அர்த்தம்ங்கிறது அணிந்துரையில வந்துரும்." அப்பா என்னைப் பார்த்து, "அவரு சூளையைப் பாத்திருக்காராம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இதே பேச்சை டக்ளஸ் கேட்டிருக்கிறார். 1855இல் எழுதிய இரண்டாவது தன்வரலாற்றில் சொல்கிறார்: மேடையில் அவர் யோசித்துப் பேச ஆரம்பித்ததும், இயக்கத்தைச் சேர்ந்த ஜான் காலின்ஸ், 'நடந்ததைச் சொல்லுங்கள், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றாராம். பேச்சில் கொஞ்சம் தோட்டத்து அடிமைகளின் நடை இருக்கட்டும் என்றும் அறிவுரை வந்திருக்கிறது. அந்த இரண்டாவது நூலுக்கு முன்னுரை எழுதியவர் கேரிசன் இல்லை. இருவரும் அதற்குள் பிரிந்துவிட்டார்கள். எழுதியவர் ஜேம்ஸ் மக்கூன் ஸ்மித். நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்து, கிளாஸ்கோவில் மருத்துவம் படித்து டாக்டரான கறுப்பர். இரண்டு முன்னுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஸ்மித் சான்றிதழ் கொடுக்கவில்லை, டக்ளஸின் அறிவை எடைபோடுகிறார்.

ஹாரியட் ஜேக்கப்ஸையும் விட முடியாது. அடிமையாக இருந்து தப்பி, வட கரோலினாவில் பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில் ஏறக்குறைய ஏழு வருடம் ஒளிந்திருந்தவர். அந்த இடம் 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரம் மூன்றே அடி. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவிடம் உதவி கேட்டபோது, அவர் இந்தக் கதையைத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். உண்மையா என்று விசாரித்து ஜேக்கப்ஸ் வேலை செய்த வீட்டு அம்மாளுக்கே கடிதமும் போட்டார். அப்புறம் பதிப்பாளர், அடிமை ஒழிப்பு இயக்கத்து வெள்ளை எழுத்தாளர் லிடியா மரியா சைல்டின் முன்னுரை வேண்டும் என்றார். அது கிடைத்ததும் அந்தப் பதிப்பகம் திவாலாகிவிட்டது. கடைசியில் 1861இல் புனைபெயரில் நூல் வந்தது. சைல்ட் பெயர் முன்னால் இருந்ததாலேயே நூறு வருடத்துக்கும் மேலாக இது அவர் எழுதிய நாவல் என்று நினைத்தவர்கள் பலர். 1980களில் ஆய்வாளர் ஜீன் ஃபேகன் யெலின் ஜேக்கப்ஸின் கடிதங்களை வைத்து நிரூபித்த பிறகுதான் அவர் எழுத்து அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் விடுதலைச் சான்றிதழை எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரிஜினல் கேட்கிறார்கள். மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது. வீட்டு மனைப் பட்டாவுக்காக இன்னும் அலைகிறோம். 'இது செல்லுமா என்று மேலே கேட்க வேண்டும்' என்கிறார்கள். அரசே கொடுத்த தாள் அது.

அப்பா புத்தகம் வந்துவிட்டது. கணக்கு இல்லையென்றால் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கடைசியில் பின்னிணைப்பாகப் போட்டார்கள். பேராசிரியர் நல்ல மனிதர், அவர் பெயரால்தான் நூலகங்களுக்குப் போனது, அப்பாவுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அணிந்துரையில் 'எளிய மனிதரின் கள்ளமில்லாப் பேச்சு' என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மேஸ்திரியின் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்த மனிதர் அப்பா.

தேர்வுக்காக என்றால் டக்ளஸை முதலில் படித்துவிட்டு கேரிசனுக்குத் திரும்புங்கள். வாங்கும்போது டப்ளின் பதிப்பின் முன்னுரையும் தாம்சன் கடிதமும் பின்னிணைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜேக்கப்ஸுக்கு யெலின் பதிப்பித்த ஹார்வர்ட் வெளியீடு நல்லது. அதில் சைல்டின் முன்னுரைக்கு முன்பே ஜேக்கப்ஸ் எழுதிய சிறு முன்னுரையும் இருக்கும்.