ரேடானும் மற்ற வாயுக்களும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வாயுத் தனிமங்களில் எவை கதிரியக்கம் உள்ளவை? (மாணவி, தாம்பரம்)

பதில்: அறை வெப்பநிலையில் வாயுவாக இருக்கும் தனிமங்கள் 11. அவற்றில் நிலையான ஐசோடோப்பே (ஒரே தனிமத்தின் எடை மாறுபடும் அணு வகை) இல்லாதது ரேடான் ஒன்றுதான். தேர்வில் அதை எழுதினால் மதிப்பெண் உண்டு. மற்றவற்றில் குறிப்பிட்ட ஐசோடோப்புகள் மட்டும் சிதையும். ஹைட்ரஜனில் ட்ரிடியம் (அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 12.3 ஆண்டு), கிரிப்டான்-85 (10.7 ஆண்டு), செனான்-133 (5.2 நாள்) ஆகியவை முக்கியமானவை. காற்றிலுள்ள சாதாரண ஆர்கான், அணு உலையில் நியூட்ரானை ஏற்றால் ஆர்கான்-41 ஆகிறது. அதில் பாதி 2 மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும்.

கேள்வி: பல்லாவரத்தில் தரைத்தள வீடு. கிரானைட் தரை. இரவு முழுக்க ஏசி ஓடுகிறது. ரேடானுக்குப் பயப்பட வேண்டுமா? (குடும்பத் தலைவி)

பதில்: கிரானைட் பலகையைப் பெயர்க்க வேண்டாம். அதிலிருந்து வருவது பொதுவாகச் சொற்பம். வீட்டுக்கு அடியிலுள்ள மண்ணையும் பாறையையும்தான் கவனிக்க வேண்டும். அங்குள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து ரேடான்-222 பிறக்கிறது. அரை ஆயுள் 3.8 நாள் என்பதால் தரை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை வழியாக மேலேறி வர அவகாசம் இருக்கிறது. உள்ளிழுத்த ரேடானில் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடும். தீங்கு செய்வது அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்-218, பொலோனியம்-214. இவை திடப்பொருள்கள், தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கி ஆல்ஃபா கதிரை வீசும். வீட்டில் புகைப்பவர் இருந்தால் அவருக்கு ஆபத்து பல மடங்கு.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக் காற்றையே சுற்றவிடும். அதனால் காலையில் எழுந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். குழாய் ஓட்டைகளையும் விரிசல்களையும் அடைத்துவிடுங்கள்.

சந்தேகம் தீர அளந்து பார்ப்பதுதான் வழி. கரி நிரப்பிய டப்பாவை 2 முதல் 7 நாள் திறந்து வைப்பது ஒரு முறை. சென்னைப் புழுக்கத்தில் கரி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ரேடானைக் குறைவாகப் பிடிக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பத் தாமதித்தால் பிடித்த ரேடானும் சிதைந்துபோகும். எங்கள் பரிந்துரை ஆல்ஃபா தடப் படலம், அதாவது ஆல்ஃபா கதிர் பட்ட தடங்களைப் பதியும் சிறு பிளாஸ்டிக் துண்டு. படுக்கையறையில், ஜன்னலுக்கும் ஏசி காற்றுக்கும் தள்ளி, மூச்சுவிடும் உயரத்தில் 3 மாதம் தொங்கவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). அந்த அளவுக்குக் குறைக்க முடியாத இடங்களிலும் 300ஐத் தாண்டக் கூடாது.

கேள்வி: ரேடான் கனமான வாயு. சிலிண்டர் கேஸ் மாதிரி தரையில் தேங்குமா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: தேங்காது. காற்றைப்போல் ஏழெட்டு மடங்கு கனம் என்பது உண்மைதான். ஆனால் 100 பெக்கரல் என்பது ஒரு கன மீட்டரில் சுமார் 5 கோடி அணுக்களே. காற்று மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு முன் இது ஒன்றுமில்லை, கலந்து பரவிவிடும். தரைத்தளத்தில் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் மண் அருகில் இருப்பதுதான்.