கழுவி வைத்த போத்தல் எங்கே போகிறது?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குப்பையைப் பற்றியவை. ஆகவே அவற்றையே எடுத்துக்கொண்டேன். மற்றவை அடுத்த வாரம்.

கேள்வி: யோகட் கோப்பை, பால்மாப் பை, போத்தல் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துத் தனித்தனியாக வைக்கிறோம். குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் வந்ததும் எல்லாம் ஒரே பெட்டியில்தான் விழுகிறது. "இதற்கா இவ்வளவு தண்ணீரைச் செலவழித்தாய்?" என்று மாமி கேட்கிறார். இதனால் சுற்றாடலுக்கு உண்மையில் பயன் உண்டா?
– வாசகி, கல்லடி

பதில்: மாமி கேட்டது சரியான கேள்வி, மகள். உங்கள் உழைப்பில் ஒரு பகுதி வீணாகத்தான் போகிறது. எந்தப் பகுதி என்று தெரிந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

முதலில் உலோகம். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்குச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 5 வீதமே போதும். ஓட்டை விழுந்த சட்டியையும் சோடாப் பேணியையும் ஒருபோதும் குப்பை வண்டியில் போடாதீர்கள். இரும்பு, மீன் ரின், கண்ணாடிப் போத்தல், காட்போட் மட்டை, கடதாசி ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதிலும் பயன் உண்டு. கடதாசி மட்டும் ஐந்தாறு தடவைக்கு மேல் தாங்காது, ஒவ்வொரு முறையும் அதன் நார் குட்டையாகிவிடும். வைக்கோலையும் பழைய கடதாசியையும் கூழாக்கிய ஆலையைக் கண்ட வாழைச்சேனைக்காரருக்கு இது தெரிந்த சங்கதி.

பிளாஸ்டிக்கின் கதை வேறு. 2015 வரை உலகில் கழிவாகிப்போன பிளாஸ்டிக்கில் மீள்சுழற்சிக்குப் போனது சுமார் 9 வீதம்தான் என்று 2017இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. தண்ணீரும் சோடாவும் வரும் தெளிந்த போத்தலுக்கும் (அடியில் முக்கோணத்துக்குள் 1 இருக்கும்), ஷாம்பூ போத்தல், கான் போன்ற தடித்தவற்றுக்கும் (இலக்கம் 2) வாங்குவோர் உண்டு. பால்மாப் பையும் பிஸ்கட் உறையும் பல படலங்களை ஒட்டிச் செய்தவை, பிரித்தெடுப்பது மிகக் கடினம். அவற்றைக் கழுவித் தண்ணீரை வீணாக்க வேண்டாம். அந்த முக்கோணத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அது இன்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. திரும்ப எடுப்பார்கள் என்று உறுதி தரவில்லை.

யோகட் கோப்பைக்குப் பதில் சட்டித் தயிர் வாங்குங்கள். எருமைத் தயிருக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் கோப்பையைக் கழுவுவானேன்?

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது சமையலறைக் கழிவு. நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியவைதான். அது குப்பைமேட்டில் காற்றுப்படாமல் புதைந்தால் மீதேன் வாயு கிளம்பும். உங்கள் வளவில் வாழையடியில் ஒரு குழி வெட்டி, தேங்காய்ச் சக்கையையும் மரக்கறித் தோலையும் மீன் செதிலையும் போட்டு மண்ணால் மூடுங்கள். நீங்கள் செய்யக்கூடியவற்றில் ஆகப் பெரிய காரியம் இதுதான்.

மிஞ்சிய சோற்றைப் பொலித்தீன் பையில் முடிந்து எறியவே எறியாதீர்கள். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. இறந்தவற்றின் வயிற்றில் கிடந்தவை பொலித்தீனும் உணவு உறைகளும். நாம் முடிந்து வைத்த சோற்றின் வாசத்துக்கு வந்த யானை, அவிழ்க்கத் தெரியாமல் பையோடு விழுங்குகிறது.

கேள்வி: குடிபுகுதலுக்கு 300 பிளாஸ்டிக் தட்டும் கரண்டியும் மலிவாகக் கிடைத்தன. பாவித்தவற்றை மீள்சுழற்சிக்கு எங்கே கொடுக்கலாம்?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: எங்கேயும் கொடுக்க முடியாது. குழம்பு படிந்த தட்டை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார். ஒருமுறை பாவிக்கும் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் ஆகியவை 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடை. ஏன் இந்த மலிவு என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? வாங்கிய பிறகு என்னிடம் கேட்டு என்ன பயன்?

கேள்வி: சருகோடு பொலித்தீனையும் சேர்த்து வளவில் எரிக்கிறோம். நுளம்பும் ஓடுகிறது. இது தவறா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: தவறு. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தை. பிவிசி குழாய்த் துண்டும் அதில் சேர்ந்தால் டயொக்சின் என்ற நஞ்சும் கிளம்பும். நுளம்புக்கு வலை கட்டுங்கள்.

கேள்வி: "100 வீதம் உக்கும்" என்று அச்சிட்ட பைகளை இரண்டு மடங்கு விலைக்கு என் சோற்றுக்கடைக்கு வாங்கினேன். சந்தேகத்தில் ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஒரு மாதமாகியும் அப்படியே கிடக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா?
– கடை உரிமையாளர், காத்தான்குடி

பதில்: தம்பி, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. நல்லது செய்ய நினைத்தவரிடம் பார்த்து அதிகக் காசு பறித்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. தகப்பனாரின் ஆண்டுத்திவசத்துக்குச் சோற்றுப் பார்சல் கட்ட, பச்சை இலைப் படம் போட்ட "உக்கும்" பை 200 வாங்கினேன். மிஞ்சியதில் ஒன்றை முருங்கையடி மணலில் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவைத்தேன். ஒரு மாரி கழிந்து அடுத்த மாரிக்கு முன் தோண்டினேன். இலைப் படத்தின் பச்சை கொஞ்சமும் மங்கவில்லை. ஓரத்தைப் பிடித்ததும் மட்டும் செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்ததை மணலிலிருந்து பொறுக்க ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தேன். நகத்தளவு துண்டுகள் கைக்கு அகப்பட்டன. அதைவிடச் சிறியவை மணலோடு மணலாகப் போய்விட்டன. முழுப் பையாக இருந்திருந்தால் ஒரே இழுப்பில் எடுத்திருப்பேன்.

உதிர்வது வேறு, உக்குவது வேறு. சாதாரணப் பொலித்தீனில் சில உலோக உப்புகளைச் சேர்த்தால் வெயிலிலும் காற்றிலும் நொறுங்கும். நொறுங்கிய துகளும் பொலித்தீனே. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையை 2021இல் தடை செய்துவிட்டது. சோளம் போன்ற பயிர்களின் மாப்பொருளிலிருந்து செய்யும் இன்னொரு வகை உண்மையிலேயே உக்கும். ஆனால் அதற்கு உரம் தயாரிக்கும் ஆலையில் 60 பாகை அளவுச் சூடு வேண்டும். நம் வளவு மணலிலோ வாவி நீரிலோ அந்தச் சூடு எங்கே இருக்கிறது? விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே உக்கும், எத்தனை நாளில், எந்தப் பரிசோதனைச் சான்றிதழின்படி? பதில் இல்லாவிட்டால் இலைப் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பிரிக்காத கட்டொன்றை உறையோடும் பற்றுச்சீட்டோடும் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவரைத் தவறாக வழிநடத்தி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், எழுத்திலும் முறையிடுங்கள். கடைக்கு வாழையிலையும் கடதாசியும் போதும். சொந்தப் பெட்டி கொண்டுவருபவருக்கு ஓர் அகப்பை சோறு கூடப் போடுங்கள், அடுத்த நாளும் பெட்டியோடு வருவார்.

கேள்வி: கடையில் பைக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ஆம். 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. அதன் விலை பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். பன்பையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிளின் பழைய பற்றரியைக் குப்பையில் போடலாமா?
– வாசகர், செங்கலடி

பதில்: கூடாது. உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன. புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய இரும்பு, போத்தல் வாங்க வருபவரின் தராசில் எப்போதும் நிறை குறைவாகவே காட்டுகிறது. போன மாதம் பித்தளைக் குடத்தைக் கொடுத்தேன். கையில் தூக்கிய பாரத்துக்கும் அவர் சொன்னதற்கும் பொருத்தமே இல்லை. வயதானவள், சண்டை பிடிக்கத் தெரியாது.
– வாசகி, ஆரையம்பதி

பதில்: அம்மா, குடத்தின் பாரம் உங்கள் கைக்குத் தெரியும், அதை நம்புங்கள். சண்டை தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. ஐந்து லீற்றர் கானில் அளவுக்கோடு வரை தண்ணீர் நிரப்பி வாசலில் வையுங்கள். வியாபாரி வந்ததும் முதலில் அதைத் தொங்கவிடச் சொல்லுங்கள். கானின் பாரமும் சேர்வதால் ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். குறைந்தால் தராசு பொய். வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரையும் இருக்க வேண்டும். பேரப்பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று சரியில்லாவிட்டாலும் சாமானை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் தெருவுக்கு இன்னொரு வியாபாரி வருவார்.